வண்ணார்பேட்டைப் பலகையில் முத்துராணி

பூரணி பட்டு மாளிகையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர்கள் ஒரு சேலையைக் கைகாட்டினால், விற்கும் பெண் அதைப் பிரித்துத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். மடிப்பில் இருக்கும்போது எல்லாச் சேலையும் அழகுதான். தோளில் விழுந்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

முத்துராணியின் தோளில் ஒரு நாளைக்கு நூறு சேலையாவது ஏறி இறங்கும். வயது இருபத்து மூன்று. முறப்பநாட்டுக்காரி. பி.காம். முடித்தவள். ஆற்றில் நனைந்த கல்லைப் போன்ற கருப்பு. கடையில் அதிகம் விற்பவள் அவள்தான். அது ஏன் என்று யாரும் யோசித்ததில்லை.

அவள் நிற்கும் இடத்துக்கு மேலே சுவரில் ஆறு பெரிய படங்கள். ஆறிலும் வெள்ளை வெளேர் என்று மும்பைப் பெண்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒருத்தி விமானத்தில் வருவாள், நிற்பாள், போய்விடுவாள்.

கடை முதலாளி ஞானசம்பந்தன். ஊருக்கே அண்ணாச்சி. அவரும் நல்ல கருப்பு. ஆனால் கடையின் துணிப்பையில் அச்சிட்டிருக்கும் அவர் படம் சிவப்பாக இருக்கும். போன மாதம் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒருவர் அந்தப் பையைக் காட்டி, "இது ஒங்க மச்சினரா?" என்று அவரிடமே கேட்டுவிட்டார். அண்ணாச்சி ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

டிசம்பர் முதல் வாரம். திங்கட்கிழமை காலை. கடையின் மாடியில், வண்ணார்பேட்டை விளம்பரப் பலகைக்குப் படம் எடுக்க, பெர்லின் விளக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தான். முருகன்குறிச்சியில் சிறிய ஸ்டுடியோ வைத்திருப்பவன். படம் எடுப்பதும் அதைக் கணினியில் சீர்செய்வதும் அவனே. வயது முப்பத்து இரண்டு. மனைவி ஜெனிட்டா காய்ச்சலில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஐந்து வயதில் ஜெமிமா என்று ஒரு மகள். கொடுத்த வேலையைச் செய்வான். ஏன் என்று கேட்கமாட்டான்.

மாடல் வரும்வரை வேறு ஒருவரை நிறுத்தி வெளிச்சம் சரிபார்ப்பது தொழில் வழக்கம். அப்படி நிற்பவள் எப்போதும் முத்துராணி. அன்றும் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெர்லின் எடுப்பான், பார்ப்பான், அழிப்பான்.

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு மாடியேறி வந்தார்.

"சோலி முடிஞ்சுது வே. தூத்துக்குடியில மழையாம். வந்த விமானம் எறங்காமத் திரும்பிட்டாம். அந்த மும்பைப் பிள்ள வரல."

"போர்டு எப்பம் ஏறணும்?" என்றான் பெர்லின்.

"வியாழக்கெழம. இன்னைக்குப் படம் அனுப்பினாத்தான் பிளக்ஸ் அடிச்சு வரும். கிறிஸ்மஸ் யாவாரமே அதுலதான கெடக்கு."

சேலைகளை மடித்துக்கொண்டிருந்த நிலோஃபர் நிமிர்ந்தாள். முத்துராணியுடன் வேலை செய்பவள், மேலப்பாளையத்துப் பெண். வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, சேல கட்டி முடிச்சாச்சு, வெளக்கு எரியுது, ஆளும் நிக்கா. இன்னும் யாரத் தேடுதிய?"

அண்ணாச்சி கேமராவைப் பார்த்தார். பெர்லின் கடைசியாக எடுத்ததைக் காட்டினான். முத்துராணி எதற்கோ சிரித்துத் திரும்பிய கணம். முந்தி காற்றில் விரிந்திருந்தது. பட்டின் அரக்கு நிறமும் அவள் நிறமும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டின.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். முத்துராணியிடம் திரும்பினார். "தாயி, இந்தத் தடவ போர்டுல நீதான்."

அவள் நம்பவில்லை. நிலோஃபர் கூவியதும் நம்பினாள். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். "எம்மா! ஏம்மா, வண்ணார்பேட்ட போர்டுல எம் படம் வருது. வியாழக்கெழம வந்து பாரு. ஆமா, நான்தான். பின்ன யாரு?"

அவள் போனபின் அண்ணாச்சி பெர்லினைப் பார்த்தார். ஒரு விரலால் தன் கன்னத்தை மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்தார்.

பெர்லினுக்குப் புரிந்தது. எட்டு வருடமாகப் பார்க்கும் விரல் அது. கல்யாண வீடுகளில், பள்ளிக்கூடங்களில், கடைகளில் எல்லாரும் அப்படித்தான் தேய்த்துக் காட்டுவார்கள். தலையாட்டினான்.

"முகத்த லேசா வெளுத்திரு தம்பி. ரெண்டு படி போதும்."

அது பத்து நிமிட வேலை. கணினியில் சிவப்பு, ஆரஞ்சு என்று இரண்டு கோடுகள் உண்டு. கோட்டில் உள்ள புள்ளியை வலப்பக்கம் தள்ளினால் தோல் வெளுக்கும். நிதானமாகச் செய்கிறவன் தோலை மட்டும் தனியே பிரித்துக்கொண்டு தள்ளுவான். அன்று அவசரம். பெர்லின் படத்தை முழுதாக வைத்துத் தள்ளினான். அரக்கு நிறமும் மனிதத் தோலும் கணினிக்கு ஒரே குடும்பம். ஒன்றை வெளுத்தால் மற்றதும் வெளுக்கும். அதை அவன் கவனிக்கவில்லை. இரண்டு படி என்று ஆரம்பித்தது ஆறு படியில் நின்றது. அனுப்பிவிட்டு மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் போனான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்ணார்பேட்டையில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து பதினான்கு பேர் இறங்கினார்கள். முதலில் இறங்கியவள் முத்துராணியின் அம்மா இசக்கித்தாய். நாற்று நடும் வேலைக்கு அன்று லீவு சொல்லிவிட்டு ஊரையே கூட்டி வந்திருந்தாள். முத்துராணி அவர்களைப் பலகைக்கு எதிரே நிறுத்தினாள். அவளும் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"எங்கனட்டி இருக்க?" என்றாள் இசக்கித்தாய்.

முத்துராணி மேலே கைகாட்டினாள்.

"மேல ஒரு வெள்ளக்காரில்லா நிக்கா. நீ அவளுக்குப் பின்னால நிக்கியோ?"

கூட வந்த பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மூக்கு நம்ம பிள்ள மூக்குதான். மத்ததுக்கு நான் பொறுப்பில்ல."

"கோதும மாவுல பெரட்டி எடுத்துருக்காவ," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சேலயும் நீ சொன்ன சேல இல்லயே. அரக்குன்னு சொன்ன. இது ரோஸு," என்றாள் இசக்கித்தாய்.

எல்லாரும் சிரித்தார்கள். முத்துராணியும் சிரிக்கப் பார்த்தாள். இசக்கித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள்.

"ஏட்டி, நெசமாவே ஒன்னையப் படம் எடுத்தாவளா? இல்ல, சும்மா சொன்னியா?"

குட்டியானை திரும்பிப் போனது. முத்துராணி கடைக்குள் போய் வேலையைத் தொடங்கினாள்.

அன்று கடையில் வேறொரு கூத்து. கதவு திறந்ததிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே சேலையைக் கேட்டார்கள்.

"போர்டுல இருக்க அந்த ரோஸ் பட்ட எடும்மா."

"அக்கா, அது ரோஸ் இல்ல, அரக்கு," என்றாள் நிலோஃபர்.

"என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? ரோசுக்கும் அரக்குக்கும் வித்தியாசம் தெரியாமலா நாலு பிள்ளைக்குக் கல்யாணம் முடிச்சேன்?"

அண்ணாச்சி கிடங்கில் இருந்த ரோஸ் பட்டு அத்தனையையும் கொட்டச் சொன்னார். ஒன்றும் பொருந்தவில்லை. அந்த ரோஸ் உலகத்தில் எந்தத் தறியிலும் நெய்யப்படாத ரோஸ். போர்டில் ஒன்று, கடையில் ஒன்றா என்று மதியத்துக்குள் பதினோரு பேர் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள்.

"அல்லாவே, பொம்பளைய வெளுத்தா சேலயும் பயந்து வெளுத்துட்டு," என்றாள் நிலோஃபர். அண்ணாச்சி அவளை முறைத்தார். ஆனால் அவள் சொன்னது அவர் காதில் தங்கிவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் முத்துராணி சாப்பிடவில்லை. பஸ் ஏறி முருகன்குறிச்சிக்குப் போனாள். ஸ்டுடியோவில் பெர்லின் இருந்தான். பள்ளி அரைநாள். ஜெமிமா மேசைக்கு அடியில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்த மொதப் படத்த அழிச்சிட்டியளா?"

"இருக்கு."

"எனக்கு ஒன்னு போட்டுத் தாங்க. அம்மைட்டக் காட்டணும். நான் பொய் சொல்லலன்னு தெரியணும்."

பெர்லின் கணினிப் பக்கம் திரும்பினான்.

"நான் செவப்பா வரணும்னு கேக்கலயேண்ணே," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "சென்னையில ஒரு மாடல் ஏஜென்சிக்கு மூணு தடவ எழுதிப் போட்டேன். நிறம்னு போட்டு ரெண்டு கட்டம். வெள்ள, மாநிறம். எனக்குக் கட்டமே கெடையாது. ரெண்டு தடவ ரெண்டையும் விட்டுட்டு அனுப்பினேன். பதில் இல்ல. மூணாவது தடவ மாநிறத்துல டிக் அடிச்சேன். கூப்புட்டாவ. நேர்ல பாத்துட்டு, பொய் சொல்லி வந்துட்டியேன்னு திருப்பி அனுப்பிட்டாவ. இப்பம் ஊர்லயும் பொய் சொன்னேங்காவ. என் நிறத்துலயே நின்னு, நான் எப்பண்ணே உண்மை சொல்ல?"

பெர்லின் படத்தைத் திறந்தான். திரை முழுக்க முத்துராணி. கருப்பாக, சிரித்தபடி.

மேசைக்கு அடியிலிருந்து ஜெமிமா வெளியே வந்தாள். திரையைப் பார்த்தாள். பெட்டியிலிருந்து அடர் பழுப்பு கிரேயானை எடுத்தாள்.

"இந்த அக்காவுக்கு இந்தக் கலர்தான். எனக்கும் இதுதான்," என்றாள். முத்துராணியிடம் அட்டையை நீட்டினாள். "பாருங்க. இது அப்பா, இது நான், இது எங்கம்மா."

அட்டையில் அப்பாவும் மகளும் பழுப்பு. அம்மா வெளிறிய சந்தன ரோஸ்.

"அம்மாவுக்கு மட்டும் ஏன் கண்ணு இந்தக் கலர்?" என்றாள் முத்துராணி.

"டீச்சர் இதத்தான் ஸ்கின் கலர்னு சொன்னாங்க. எனக்கு அடிச்சேன், சரியா வரல. அப்பாவுக்கும் வரல. அம்மாவுக்கு மட்டுந்தான் சரியா இருக்கு." சுவரில் மாட்டியிருந்த ஜெனிட்டாவின் கல்யாணப் படத்தைக் காட்டினாள். பிறகு ஏதோ யோசித்து அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, பரலோகத்துல அம்மா என்னைய எப்பிடிக் கண்டுபிடிப்பாங்க? நான் வேற கலர்லா?"

பெர்லின் சுவரைப் பார்த்தான்.

அந்தப் படத்தை வெளுத்தது அவன்தான். கல்யாண ஆல்பத்தில் எல்லாரையும் வெளுப்பது வழக்கம். தன் கல்யாணத்துக்கும் அதையே செய்தான். ஆல்பத்தைப் பார்த்த அன்று ஜெனிட்டா கேட்டாள்: "இது யாரு, எங்க சித்தி மவளா?" இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். மகளுக்கு அம்மாவை நேரில் பார்த்த நினைவு இல்லை. அவளுக்குத் தெரிந்த அம்மா அந்தச் சுவர்ப் படம்தான்.

கீழ் இழுப்பறையைத் திறந்தான். பழைய ஹார்டுடிஸ்க் ஒன்று கிடந்தது. மூன்று வருடமாகத் தொடாதது. கணினியில் செருகினான். மூலப் படங்கள் எல்லாம் இருந்தன.

ஒன்றைத் திறந்தான். தேவாலயப் படிக்கட்டு. பதினொரு மணி வெயில். வெள்ளைச் சேலையில் ஜெனிட்டா, முக்காடு நழுவ, யாரையோ பார்த்துச் சத்தமாகச் சிரிக்கிறாள். கருப்பு. நல்ல, வெயில் பட்டு மின்னுகிற கருப்பு.

ஜெமிமா நாற்காலியில் ஏறினாள். பழுப்பு கிரேயானைத் திரையில் அம்மாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் கையையும் வைத்தாள்.

"அப்பா! அம்மா என் கலர்!"

இறங்கி ஸ்டுடியோவைச் சுற்றி இரண்டு முறை ஓடினாள். விளக்குக் குடையைத் தட்டிவிட்டாள். யாரும் திட்டவில்லை. முத்துராணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பெர்லின் தண்ணீர் குடித்தான். மறுபடியும் குடித்தான். பிறகு சுவரில் இருந்த படத்தைக் கழற்றினான்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவன் பூரணி பட்டு மாளிகைக்குள் நுழைந்தான். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு பிரிண்ட் சுருள். அண்ணாச்சி பன்னிரண்டாவது சண்டையில் இருந்தார்.

"அண்ணாச்சி, தப்பு என்மேல," என்றான். "முகத்த வெளுத்தேன். சேலயும் சேந்து வெளுத்துட்டு. இது தொடாத படம். இதப் போடுங்க."

சுருளைப் பிரித்துக் கல்லாவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் ஒட்டினான்.

அண்ணாச்சி தயங்கினார். "சேல நிறம் சரியாத்தான் இருக்கு. ஆனா தம்பி, யாவாரம்னு ஒன்னு இருக்குல்லா. செவத்த பிள்ள நின்னாத்தான ரோட்டுல போறவன் திரும்பிப் பாப்பான்."

"திரும்பிப் பாக்கவன் சேல வாங்க மாட்டான் அண்ணாச்சி," என்றாள் நிலோஃபர். "அவன் பைக்க எதுலயாவது இடிப்பான்."

அப்போது கடையில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். சாத்தான்குளத்திலிருந்து முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள். இரண்டு மணி நேரமாக எடுக்கிறார்கள். கல்யாணப் பெண் எதைக் காட்டினாலும் தன் நிறத்துக்குப் பொருந்தாது என்று ஒரே வார்த்தை சொன்னாள்: "எனக்கு எடுக்காது." சுவரில் இருந்த ஆறு வெள்ளைப் பெண்களையும் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அவளும் முத்துராணி நிறம்தான்.

இப்போது அவள் எழுந்து வந்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தின் முன் நின்றாள். நேரில் நின்ற முத்துராணியைப் பார்த்தாள். மீண்டும் படத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இது நீங்களா?"

"நான்தான்."

"இந்தச் சேல இருக்கா?"

முத்துராணி அரக்குப் பட்டைப் பிரித்தாள். வழக்கப்படி தன் தோளில் போட்டாள். பிறகு வழக்கத்தை மீறினாள். அதை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போட்டு, அவளைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். கண்ணாடியில் படமும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

பெண் முந்தியை இழுத்துச் சரிசெய்தாள். "எம்மா," என்றாள். "எனக்கு எடுக்கும்மா."

தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். "எய்யா, ரெண்டு மணி நேரத்துல இவ வாயில இருந்து வந்த மொத நல்ல வார்த்த."

அதுவரை அண்ணாச்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவளும் எட்டிப் பார்த்தாள். "இதுதான் அந்தப் போர்டுச் சேலயா? இது இன்னும் நல்லால்லா இருக்கு! கண்ணு அவிஞ்ச சவத்துப்பயலுவ, எதுக்கு அத அப்பிடி வெளுத்து வச்சாவ?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"ஏலே பெர்லின், இத எங்கிட்ட மொதல்லயே ஏன் காட்டல?"

"நீங்க கன்னத்தத் தேச்சியளே அண்ணாச்சி."

கடை சிரித்தது. அண்ணாச்சிக்கும் அடக்க முடியவில்லை. தேய்த்த விரலை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "போர்ட மாத்து," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் ஆராதனை முடிந்து பாளையங்கோட்டைச் சாலையில் கூட்டம் வந்துகொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. குட்டியானை மறுபடியும் வந்தது. இந்த முறை பத்தொன்பது பேர். நான்கு பேர் நின்றுகொண்டே வந்தார்கள்.

யாருக்கும் கைகாட்ட வேண்டியிருக்கவில்லை.

"அட, நம்ம பிள்ள!" என்றார் பெரியப்பா. "இப்பம் மொத்தத்துக்கும் நான் பொறுப்பு."

நாற்பது அடி அகலத்தில் முத்துராணி சிரித்துக்கொண்டிருந்தாள். அரக்கு அரக்காக இருந்தது. அவள் அவளாக இருந்தாள். பஸ்ஸில் போன பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பெரியப்பா போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, கீழே நிற்பவளையும் மேலே நிற்பவளையும் காட்டினார்.

இசக்கித்தாய் அண்ணாந்து பார்த்தாள். பிறகு மகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். "ஒன்னைய நான் சந்தேகப்பட்டுட்டேனட்டி."

அண்ணாச்சி எல்லாருக்கும் டீ சொல்லியிருந்தார். இசக்கித்தாயிடம் அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

"தாயி, தப்பு என் பேர்லதான். மனசுல வச்சுக்கிடாத."

"வைக்கல அண்ணாச்சி. ஒன்னே ஒன்னு கேக்கேன். ஒங்க கடையில சேல எடுக்கவ நாங்க. அதக் கட்டிக்கிட்டு கல்யாணத்துக்குப் போறவ நாங்க. போர்டுல மட்டும் ஏன் வேற ஆளு நிக்கணும்?"

அண்ணாச்சி பெர்லினைப் பார்த்தார். பெர்லின் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். வழக்கமாக இந்த இடத்தில் பேசமாட்டான். அன்று பேசினான்.

"ஒரு பிள்ளையோட நிறத்த நாம அழிச்சா, அந்த நிறத்துல பொறந்த அத்தன பிள்ளைகளயும் பாத்து, நீங்க இருக்கபடி இருந்தா போதாதுன்னு சொல்லுதோம் அண்ணாச்சி. அது வெளம்பரம் இல்ல, அவமானம். நம்ம முகத்த நம்ம ஊர்ப் பலகையில நாமதான் வைக்கணும். இனிமே நான் யாரையும் வெளுக்க மாட்டேன்."

"பொங்கலுக்கு என்னைய நிறுத்துங்க," என்றாள் நிலோஃபர். "முக்காட்டோட."

"நிறுத்துதேன்," என்றார் அண்ணாச்சி.

ஜெமிமா மேலே பார்த்துக் கையசைத்தாள். அவளது இன்னொரு கையில் வாழ்த்து அட்டை. அதில் அம்மாவின் மேல் பழுப்பு அழுத்தமாக ஏறியிருந்தது. சந்தன ரோஸ் கிரேயானை என்ன செய்தாய் என்று முத்துராணி கேட்டாள்.

"அது இனிமே ஆட்டுக்குட்டிக்கு," என்றாள் ஜெமிமா.

அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்தார். கையில் இருந்த கடைப்பையைத் திருப்பி, அதில் இருந்த சிவந்த மனிதரை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"பெர்லின், நாளைக்கு அந்தக் கேமராவையும் தூக்கிட்டுக் கடைக்கு வா," என்றார். "பையில இருந்து என் மச்சினன எறக்கிட்டு என்னைய ஏத்து."